ஆறாம் நாள் மாத்திரை

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பல வருடம் கபடி அணி நடத்தியவன் நான். எங்கள் ரெய்டர் ஒருவன் வலி மாத்திரைக்கு அடிமையானான். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் "சேர்க்கை சரியில்ல" என்றேன். அந்தச் சேர்க்கை நான்தான்.

எல்லா அணிக்கும் ஒரு பெட்டி உண்டு. எங்கள் பெட்டியில் ஸ்பிரே, கிரேப் பேண்டேஜ், பஞ்சு, அடியில் டைக்ளோஃபெனாக் அட்டைகள். ஆட்டத்துக்கு முன்னால் வலிக்கிறவனுக்கு ஒன்று கொடுப்பேன். வலி வந்துவிடக் கூடாதென்று மற்றவர்களுக்கும் கொடுப்பேன். பையன்களில் பாதிப் பேர் ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் களத்துக்கு வருகிறவர்கள். ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள், தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்கள். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் இந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். மாட்டுக்குப் போட்ட இதே மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதனால் 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை. வயிறு எரியுதுண்ணா என்றவனிடம், சோறு தின்னுட்டுப் போடுடா என்றேன்.

அந்த ரெய்டருக்கு முட்டி போனது ஒரு பொங்கல் போட்டியில். ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் போனஸ் எடுத்துத் திரும்பினான். கார்னரில் நின்றவன் தொடையைக் கட்டிப் பிடிக்க, இன்னொருவன் பக்கவாட்டில் வந்து மோதினான். பாதம் மண்ணில் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. மறுநாள் முட்டி வீங்கிக் கிடந்தது. ஜவ்வு கிழிந்திருக்கிறது, மாசக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வலி தாங்காமல் கத்தியவனுக்கு டேபென்டடால் மாத்திரை எழுதினார். ஐந்து நாளைக்கு மட்டும்.

ஆறாம் நாள் மாத்திரையை வாங்கிக் கொடுத்தது நான்.

மாவட்ட அணிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணி வந்தபிறகு, டி.வி.யில் வருகிற ஆட்டம் நம் ஊர்ப் பையனுக்கும் எட்டும் என்ற ஆசை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "ஒரு சான்ஸ்டா, விட்டா வராது" என்று நான்தான் அவனிடம் சொன்னேன். பழைய சீட்டையே எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். தேதியைப் பார்க்காமல் கொடுத்தார்கள். "வலியே தெரியலண்ணா" என்று அவன் சிரித்தபோது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவனை ஓடவிட்டேன்.

டைக்ளோஃபெனாக் வேறு, டேபென்டடால் வேறு. இது அபின் வகையைச் சேர்ந்தது. மூளையில் போய் வலியை அணைக்கிறது. உடம்பு அதற்குப் பழகியதும் ஒன்று போதாமல் இரண்டு கேட்கும். நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் முறுக்குகிற வலி. நாங்கள் ஏமாந்த இடம் இதுதான். மாத்திரை இல்லாத நாளில் அவனுக்கு வந்த வலியை முட்டி வலி என்றே அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். வலியென்று மாத்திரை போட்டான். அந்த மாத்திரையே அடுத்த வலியைக் கொண்டுவந்தது. தேர்வில் அவனை எடுக்கவில்லை. அதன்பிறகும் வாங்கிக் கொடுத்தேன், உள்ளூர் போட்டிகளுக்கு அவன் தேவைப்பட்டான்.

பிறகு நான் தேவைப்படவில்லை. அவனே வாங்குமிடம் கண்டுபிடித்தான். ஒரு நாள் பம்ப் செட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஸ்டீல் டம்ளரில் கரைத்த மாத்திரை, பக்கத்தில் சிரிஞ்சு. முழங்கை மடிப்பில் நரம்பு கறுத்து, கயிறுபோல் தடித்திருந்தது. விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையின் மாவுத்தூள் ரத்தத்தில் கரையாது. நரம்பை அடைக்கும், புண்ணாக்கும். நான் செய்ததென்ன? கன்னத்தில் அறைந்தேன். அணியிலிருந்து நீக்கிவிட்டேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒழுக்கம் காப்பாற்றுகிறவன் என்ற பெயரும் கிடைத்தது.

அவன் அம்மா வீட்டு வாசலுக்கு வந்து, "நீதானே தம்பி மொதல்ல வாங்கியாந்து குடுத்த?" என்று கேட்டபோது, "டாக்டர் எழுதினதும்மா" என்றேன். ஐந்து நாளைக்கு அது உண்மை.

உத்திரமேரூர் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்கிறது அது. போட்டிப் பணத்துக்கு நான் பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டியவன். மாத்திரைக்கு யாரிடமும் கணக்குக் காட்டவில்லை. இதுதான் அந்தக் கணக்கு.

டேபென்டடால் வகையைச் சேர்ந்த டிரமடாலை 2018-இல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி 1 முதல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையும் போட்டியின்போது அதற்குத் தடை போட்டது. நம் ஊர் ராத்திரிப் போட்டிகளில் பரிசோதனை ஏது? அங்கே பையனுக்கும் மாத்திரைக்கும் நடுவில் நிற்பவர் அணி நடத்துகிறவர் ஒருவர்தான். நான் நிற்கவில்லை.

அவன் இப்போது செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போய்வருகிறான். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். இடையில் ஒருமுறை பழையபடி விழுந்தான். திரும்பவும் போகிறான். முட்டி மடங்குவதில்லை, கபடி இனி இல்லை.

அணி நடத்துகிற அண்ணன்மார்களே, உங்கள் பெட்டியில் மாத்திரை அட்டை இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். வீங்கிய முட்டியோடு வருகிறவனை உட்கார வையுங்கள், கோப்பை போனால் போகட்டும். மாத்திரை இல்லாமல் உடம்பு முறுக்குது என்று ஒருவன் வந்தால் அடிக்காதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அவனோடு உட்கார்ந்து போன் போடுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.