விழுகிற பல்லுதானே?

பால் பற்கள் பத்தி ஒரு த்ரெட். வீட்ல சின்னக் குழந்தை இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. இதுல தப்பு பண்ண ஆள் நான்தான்.

ஒரு நைட் டூட்டி. நாலு வயசுப் பையன். வலது கன்னம் வீங்கி கண்ணு பாதி மூடியிருக்கு, காய்ச்சல் 102. வாயைத் திறந்தா மேல் கடைவாய்ப் பல்லு கறுத்துக் குழி விழுந்து, ஈறுல சீழ். "எப்பம்மா வலி ஆரம்பிச்சுது, இவ்ளோ நாள் என்ன பண்ணீங்க?"ன்னு கொஞ்சம் கோபமாவே கேட்டேன்.

அந்த அம்மா தயங்கித் தயங்கி, "ஆறு மாசம் முன்னாடி உங்க ஓபிக்குத்தான் சார் கூட்டிட்டு வந்தேன். விழுகிற பல்லுதானேம்மான்னு வலிக்கு சிரப் எழுதிக் குடுத்தீங்க"ன்னாங்க.

எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா சொல்லியிருப்பேன். டோக்கன் ஓடிட்டே இருக்கிற ஓபியில வாயில தானா வர்ற வாக்கியம் அது.

அட்மிட் பண்ணி, ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, பல் மருத்துவர் வந்து பல்லை எடுத்தாங்க. சீழ் கண்ணுக்குழிக்குள்ள பரவிடுமோன்னு அன்னிக்கு ராத்திரி முழுக்க எனக்குப் பயம்.

அந்தப் பல்லு எப்ப விழும் தெரியுமா? பின் கடைவாய்ப் பால் பல்லு 10 முதல் 12 வயசுக்குள்ளதான் விழும். நாலு வயசுல சொத்தையானா, இன்னும் ஆறேழு வருஷம் அதை வச்சுத்தான் சாப்பிடணும். அதுக்கு அடியிலேயே நிலையான பல்லு வளர்ந்துட்டு இருக்கும். சீழ் அதையும் கெடுக்கலாம். சீக்கிரமே எடுத்துட்டா பக்கத்துப் பல்லு சாய்ஞ்சு இடத்தைப் பிடிச்சுக்கும். புதுப் பல்லு கோணலா முளைக்கும்.

பெரும்பாலும் ஆரம்பம் ராத்திரி பாட்டில்தான். சர்க்கரை போட்ட பாலை வாயில வச்சுக்கிட்டே குழந்தை தூங்கிடும். தூக்கத்துல எச்சில் சுரப்பு குறையும், பல்லைக் கழுவ ஆளில்லை. கீழ் முன்பல்லை நாக்கு மறைச்சுக்கும், அதனால மேல் முன்பல்லுதான் முதல்ல போகும். (தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லல. பல்லு வந்த பிறகு, குடிச்சதும் ஈரத்துணியால துடைச்சு விடுங்க.) நாங்க எழுதித் தர்ற சிரப்புலயும் பெரும்பாலும் சர்க்கரை உண்டு. ராத்திரி சிரப் குடுத்தா வாயைச் சுத்தம் பண்ணிட்டுத் தூங்க வைங்க.

இன்னிக்கே ஒண்ணு செய்யுங்க. குழந்தையோட மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈறு ஓரமா சாக்பீஸ் பூசின மாதிரி வெள்ளைக் கோடு தெரிஞ்சா, சொத்தையோட ஆரம்பம். இந்தக் கட்டத்துல காப்பாத்திடலாம். பழுப்பாகிக் குழி விழுந்துட்டா அடைக்கத்தான் வேணும்.

முதல் பல்லு முளைச்ச நாள்லேருந்து தேய்ச்சு விடணும். மூணு வயசு வரைக்கும் அரிசி மணி அளவு பேஸ்ட், அப்புறம் பட்டாணி அளவு. 1000 பிபிஎம் ஃப்ளோரைடுன்னு ட்யூப்ல போட்டிருக்கும், பார்த்து வாங்குங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீர்லயே ஃப்ளோரைடு அதிகம். அங்க இருக்கிறவங்க பல் மருத்துவரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. "அவனே தேய்ச்சுக்குவான் சார்"னு பெருமையா சொல்லாதீங்க. ஏழு, எட்டு வயசு வரைக்கும் குழந்தை கைக்கு அது வராது. தலையை மடியில சாய்ச்சு வச்சு நீங்கதான் தேய்க்கணும், முக்கியமா ராத்திரி. எங்க வீட்லயும் தினம் ஒரு சண்டைதான்.

அப்புறம், ஆறு வயசுல கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி புதுசா ஒரு கடைவாய்ப் பல்லு வரும். எந்தப் பல்லும் விழாமலே வர்றதால பால் பல்லுன்னு நினைச்சு விட்டுடுவாங்க. அது நிலையான பல்லு. போனா போனதுதான்.

இப்பல்லாம் ஓபிக்கு இருமல்னு வர்ற குழந்தைக்கும் உதட்டைத் தூக்கிப் பார்த்துடறேன். கோடு தெரிஞ்சா பல் பிரிவுக்குச் சீட்டு.

போன வாரம் அந்தப் பையன் வந்திருந்தான். வீக்கம் சுத்தமா இல்ல. வாயைத் திறடான்னா கையால பொத்திக்கிட்டான். பல் டாக்டர் அக்காகிட்ட மட்டும்தான் காட்டுவானாம்.