பரிசு வாங்கிய நெல்

என் அக்கா மகனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. செங்கல்பட்டுப் பக்கம் மூணு ஏக்கர் வாங்கியிருக்கான். போர் போட்டாச்சு, தண்ணியும் இருக்கு. போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான்.

"மாமா, நவரைக்கு நெல்லு போடலாம்னு இருக்கேன். விளைச்சல் போட்டியில பரிசு வாங்கின ஒருத்தரோட நம்பர் கிடைச்சிருக்கு. அவர் போட்ட அதே ரகத்தை விதையாத் தர்றாராம். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா பரிசு வாங்கின விதையாச்சே, கண்ண மூடிட்டுப் போடலாம்ல?"

"கண்ண மூடிட்டு எதையும் போடாதடா, நான் விவரமா எழுதி அனுப்புறேன்"னு சொல்லி போனை வச்சுட்டேன். எழுத உட்கார்ந்தா அவனுக்கு மட்டும் எழுத மனசு வரல. வேலையிலிருந்துகிட்டே நிலம் வாங்குறவங்க இப்ப நிறையப் பேர் இருக்கீங்க. அவன் கேட்டதைத்தான் எல்லாரும் கேக்குறீங்க.

நானும் அப்படிக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டவன்தான்.

நம்ம அரசாங்கம் வருசா வருசம் நெல் விளைச்சல் போட்டி நடத்துது. திருந்திய நெல் சாகுபடி முறையில் மாநிலத்திலேயே அதிக மகசூல் எடுத்தவருக்கு 5 லட்சம் ரூபாயும் பதக்கமும் குடியரசு தினத்தன்று சென்னையில் முதலமைச்சர் கையால் கொடுப்பாங்க. உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு பேரில் அந்த விருது இருக்கு. அதிகாரிங்க முன்னாடி 50 சென்ட் அறுத்து எடை போட்டுத்தான் முடிவு பண்றாங்க. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

2020இல் எங்க ஊர்க்காரங்க ஆறு பேர் வேன் பிடிச்சு ஒருத்தரைப் பார்க்கப் போனோம். மாவட்ட அளவில் பேர் வாங்கின விவசாயி. நல்ல மனுசன். மோரு கொடுத்து, வயலைச் சுத்திக் காட்டி, ஒரு மணி நேரம் பேசினார். ஆத்துப் படுகை மண், சொந்த மோட்டார், எவ்வளவு மழை பெஞ்சாலும் பொழுது சாயறதுக்குள்ள வடிஞ்சிடும்னார். 14 நாள் நாத்து, குத்துக்கு ஒண்ணு, காலடிக்குக் காலடி சதுரமா நடவு, பத்து நாளைக்கு ஒரு தரம் கோனோவீடர் ஓட்டுறது, காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடுறது, எல்லாத்தையும் ஒளிக்காம சொன்னார். நாங்க காதில் வாங்கிக்கிட்டது ரகத்தோட பேரை மட்டும்தான்.

ஏக்கருக்கு மூணு கிலோ கணக்கில் ரெண்டரை ஏக்கருக்கு எட்டு கிலோ வாங்கி வந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாங்க. பையைப் பிரிச்சு ஒரு பிடி அள்ளிப் பார்த்துட்டு, "பரிசு வாங்குனது இந்த நெல்லாடா, அந்த ஆளா?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சுட்டேன்.

எங்க ஊர் கடைமடை. மேட்டூர் திறந்தா கடைசியா வர்ற தண்ணி எங்களுக்கு. மழை பெஞ்சா மேலேயிருந்து முதல்ல வந்து நிக்கிற தண்ணியும் எங்களுக்குத்தான். களிமண், பள்ளக்கால். ஐப்பசி பத்தாம் தேதி வாக்கில் 14 நாள் நாத்தை ஒத்தை ஒத்தையா நட்டேன். அந்த வாரமே மழை பிடிச்சுக்கிச்சு. விரல் நீள நாத்து தண்ணிக்குள்ள போயிடுச்சு. வடிய வைக்க வழியில்லை. வாய்க்காலும் வயலும் ஒரே மட்டத்தில் நிக்குது. பாதிக்கு மேல அழுகிப் போச்சு. மிச்சத்தைக் கலைச்சு நட்டு ஒப்பேத்தினேன். அது பச்சை பிடிச்சு தூர் கட்டுற நேரத்தில் டிசம்பர் முதல் வாரம் புரெவி மழை. ஒன்பது நாள் பயிர் தண்ணிக்குள்ள கிடந்துச்சு.

பக்கத்து வயல்காரர் எனக்குச் சித்தப்பா முறை. அவர் போட்டிருந்தது 1009 சப்-1. ரெண்டு வாரம் வரைக்கும் வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கி எந்திரிக்கிற குணத்தை ஏத்தி, அதுக்குன்னே உண்டாக்கின ரகம். குண்டு நெல்லு, விலையும் குறைவு. முப்பது நாள் நாத்தா, குத்துக்கு ரெண்டு மூணா புரட்டாசியிலேயே நட்டிருந்தார். அவருக்கு ஏக்கருக்கு 22 மூட்டை. எனக்கு ரெண்டரை ஏக்கருக்கும் சேர்த்து 17 மூட்டை. அடகு வச்ச சங்கிலியை மீட்க ரெண்டு வருசம் ஆச்சு. வீட்டில் இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினது இல்லை. சொல்லியிருந்தாக்கூடத் தேவலை.

அதுக்கப்புறம்தான் அம்மா கேட்டது மண்டையில் ஏறுச்சு. போட்டியில் நிலம் அவரவரோடது, தண்ணி அவரவரோடது, உரம், ஆள், கைப்பக்குவம் எல்லாமே வேற வேற. விதையையும் விதையையும் மோத விடுற போட்டி இல்லை அது. அதே ரகத்தைப் போட்டு நஷ்டப்பட்டவன் மேடை ஏறப்போறது இல்லை, அவனை யாரும் போட்டோ எடுக்கிறதும் இல்லை. விதையை விதையோட ஒப்பிடணும்னா ஒரே வயலில், ஒரே உரத்தில், பாத்தி பாத்தியாப் பக்கத்தில் நட்டுப் பார்க்கணும். ஆடுதுறை மாதிரி ஆராய்ச்சி நிலையங்களில் அப்படித்தான் செய்றாங்க. பல இடத்தில், பல பருவத்தில் பார்த்துட்டுத்தான் ஒரு ரகத்தை வெளியிடுவாங்க.

மாடித் தோட்டம் வச்சிருக்கவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். விதைத் திருவிழாவில் ஆள் உயரச் சுரைக்காயைத் தொங்க விட்டிருப்பாங்க. பார்த்ததும் அதோட விதையைக் கேட்டு வாங்குவோம். நானும் வாங்கினேன். ஒரு கொடியில் நீட்டா வந்துச்சு, இன்னொண்ணில் குடம் மாதிரி வந்துச்சு, ஒண்ணு வாயில் வைக்க முடியாத கசப்பு. (கசக்கிற சுரைக்காயைச் சாப்பிடாதீங்க, உடம்புக்கு ஆகாது.) சுரை, பூசணி எல்லாம் ஒரு கொடியோட மகரந்தம் இன்னொரு கொடிக்குப் போய்ச் சேர்ந்து காய்க்கிறது. பெரிய காய்க்குள்ள இருக்கிற விதைக்கு அப்பன் யாருன்னு தெரியாது. நெல்லு அப்படி இல்லை, பெரும்பாலும் தன் பூவிலேயே சூல் பிடிச்சுக்கும், தாய் மாதிரியே வரும். ஆனா வீரிய ஒட்டு ரகமா இருந்தா நெல்லிலும் எடுத்து வச்ச விதை அடுத்த தரம் ஒரே மாதிரி வராது.

இனி மருமகனுக்கு. முதல்ல உன் வயலுக்கு நாலு பக்கமும் இருக்கிறவங்ககிட்ட போய் உட்காரு. எது நல்லா விளைஞ்சதுன்னு கேக்காத. மோசமான வருசத்துல எது தப்பிச்சதுன்னு கேளு. ரகத்துக்கு எத்தனை நாள், எந்தப் பட்டம்னு கேளு. நவரைக்கு 110, 120 நாள் ரகம்தான் சரி. பழைய சம்பா ரகங்கள் சிலதை ஆசைப்பட்டுத் தை மாசம் விதைச்சா, பகல் நீளுற காலம்கிறதால கதிரே எடுக்காம தாளா வளர்ந்துக்கிட்டே போகும்.

மூட்டையில் அட்டை இருக்கான்னு பாரு. ஆதார விதைன்னா வெள்ளை அட்டை, சான்று விதைன்னா நீல அட்டை. அது இருந்தாலும் நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் முளை கட்டிப் பாரு. 80க்குக் கீழே முளைச்சா திருப்பிக் கொடுத்துடு. தண்ணியில் உப்பைக் கரைச்சு, முட்டை மிதந்து நாலணா அகலம் வெளியே தெரியிற பக்குவத்தில் விதையைக் கொட்டு. மிதக்கிறது பதரு. அடியில் தங்கினதை நல்ல தண்ணியில் ரெண்டு மூணு தரம் அலசிட்டு ஊறப் போடு.

அந்தப் பரிசு விவசாயியைப் போய்ப் பாருடா. வேண்டாம்னு சொல்லல. விதை வாங்குறதுக்கு முன்னாடி அவர் வாய்க்கால் எந்தப் பக்கம் வடியுதுன்னு பாரு. அவரோட கையைப் பாரு. ஆசை விடலைன்னா ஒரு கிலோ வாங்கி பத்து சென்ட்ல போட்டுப் பாரு. மிச்சத்துக்கு அக்கம்பக்கத்தார் போடுறதைப் போடு.

நான் அன்னிக்கு அந்த நெல்லையும் பத்து சென்ட்ல போட்டிருந்தா, நஷ்டம் ஒண்ணரை மூட்டையோட போயிருக்கும். அம்மா இப்ப இல்லை. இருந்தா, உன் விதைப் பையையும் பிரிச்சு ஒரு பிடி அள்ளிப் பார்த்திருப்பாங்க.