ஜகன்மோகன் அரண்மனைக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் நஞ்சன்கூட்டுக்கு வரும் உறவினர்கள் ஸ்ரீகண்டேஸ்வரரைச் சேவித்துவிட்டு நேரே மைசூர் கிளம்புவார்கள். ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மா ஓவியங்களைப் பார்க்கும்போது யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்வேன்.

1918-இல் விஷக்காய்ச்சல் பரவிய காலத்தில் கோலார் பக்கம் பெள்ளூரில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று உடம்பு தேறவே இல்லை. 1934-இல், 15 வயதில், அக்காள் கணவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அவரை மைசூருக்கு அழைத்துக்கொண்டார். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் இந்த அரண்மனையில்தான் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை நடந்தது.

குரு கண்டிப்பானவர். விறைத்த உடம்புக்காரப் பையனை முதலில் பெரிதாகக் கவனிக்கவுமில்லை. வீட்டிலிருந்த கேசவமூர்த்தி என்ற அபிமான சீடன் திடீரென்று வெளியேறிய பிறகே இவர் பக்கம் திரும்பினார். அந்தப் புறக்கணிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. முறையான பயிற்சி கிடைத்தது கொஞ்ச காலம்தான். மீதியைத் தன் உடம்பிலேயே சோதித்துச் சோதித்துக் கற்றார்.

1937-இல் குரு அவரை யோகம் கற்பிக்கப் புனேவுக்கு அனுப்பினார். மராத்தி தெரியாது, வயது 18. எதிரே உட்கார்ந்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள், திடகாத்திரமானவர்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகவே தினமும் பல மணி நேரம் தனியாகப் பழகினார்.