முழங்கால் சேராதவன் குதிக்கக் கூடாது

பண்டார் உத்தாமா பேரங்காடிக்குள், கீழிருந்து வீசும் காற்றில் ஆளை மிதக்கவிடும் காற்றுச் சுரங்கம் வந்ததிலிருந்து, என்னிடம் தரைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பேச்சு மாறிவிட்டது. "நான்தான் பறந்துட்டேனே மாஸ்டர், இன்னும் எதுக்கு மண்ணுல உருளணும்?" என்கிறார்கள். அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கூட்டத்தில், "குதிக்கிறதுக்கு என்ன உடற்பயிற்சி? தள்ளிவிட்டா விழப்போறான்" என்று ஒருவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். இராணுவத்தில் பாராசூட் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

சுரங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இடுப்பை முன்னே தள்ளி, தாடையைத் தூக்கி, உடம்பை வில்லாக வளைத்து ஆர்ச் பிடிக்கப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. 13,000 அடியில் விமானத்தை விட்டால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். குடை திறக்கும் உயரத்துக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்குச் சுரங்கம் உதவும். ஆனால் எலும்பு முறிவது காற்றில் இல்லை, தரையில். குடை ஒழுங்காக விரிந்து, எல்லாம் சரியாக நடந்து, கடைசி நொடியில் கணுக்காலை உடைத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுங்கை ஊடாங் இராணுவ முகாமில் எனக்குக் கற்றுக்கொடுத்த சார்ஜன் அதிகம் பேச மாட்டார். எங்களை மரமேடையில் ஏற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளி நோட்டை எடுத்து முழங்கால்களுக்கு நடுவில் செருகுவார். குதித்து, உருண்டு, முதுகு மண்ணில் படும்வரை நோட்டு விழக்கூடாது. விழுந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். காலையில் தொடங்கினால் சீருடை முழுக்க மண்ணாகும்வரை இதேதான். குடையைத் தொட்டுப் பார்க்கக்கூட விடமாட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. தரை நெருங்கும்போது உடம்பு தானாகவே ஒரு காலை நீட்டித் தரையைத் தேடும். அந்த ஒற்றைக் காலில் மொத்த எடையும் இறங்கினால் கணுக்கால் போகும், இல்லையென்றால் முழங்கால் போகும். இரண்டு கால்களும் ஒட்டியிருந்தால் முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் மூங்கில் பத்தைபோல ஒன்றுக்கொன்று துணை நிற்கும். பிறகு முன்பாதம், கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கம் என்று அடி ஐந்து இடங்களுக்குப் பிரிந்து போகும். கண் அடிவானத்தில் இருக்க வேண்டும். தரையைப் பார்த்தவன் கட்டாயம் காலை நீட்டுவான். பழைய வட்டக் குடையில் நாங்கள் விநாடிக்கு 6, 7 மீட்டர் வேகத்தில் இறங்கினோம். 2 மீட்டர் சுவரிலிருந்து குதிப்பதற்கு அது சமம்.

1940இல் மான்செஸ்டர் அருகே ரிங்வேயில் பிரிட்டிஷ் பாராசூட் பள்ளி தொடங்கியது. பிறகு அங்கே பயிற்றுநர்களாக வந்தவர்களில் பலர் விமானப்படையின் உடற்பயிற்சி ஆசிரியர்கள். கூட்டத்தில் பேசியவருக்கு இதுவே என் பதில்.

"இப்போ சதுரக் குடை மாஸ்டர், நின்னுக்கிட்டே இறங்கலாம்" என்பார்கள். இறங்கலாம், ஃபிளேரை, அதாவது கைப்பிடிகளை இழுத்து வேகம் குறைப்பதை, 10, 12 அடியில் சரியாகச் செய்தால். புதியவர் பதறிப்போய் 30 அடியிலேயே இழுப்பார். குடை வேகம் இழந்து ஆளைப் பொத்தென்று கீழே போடும். அப்போது காப்பாற்றுவது அந்த உருளல்தான். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கும் டேண்டமில் அவர் காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்வார். அந்தப் பழக்கத்தோடு தனியாக இறங்க வருபவருக்கு நான் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என் பிள்ளைகளைப் பத்துமலைக்கு அழைத்துப் போவேன். விடியற்காலை கொமூட்டரில் போய், முருகனைக் கும்பிட்டுவிட்டு, 272 படிகளையும் மெதுவாக இறங்க வேண்டும். ஏறுவதில் மூச்சு வளரும். எடையைத் தாங்கும் பலம் இறங்குவதில்தான் வரும். முன்பாதம் முதலில் பட வேண்டும், முழங்கால் உள்பக்கம் மடியக்கூடாது. பாதிப் படியிலேயே தொடை நடுங்கும். அத்துடன், குடையின் கீழ் நாலைந்து நிமிடம் கைகள் தலைக்கு மேலேயே இருப்பதால் கம்பியில் தொங்கவும் வைப்பேன். முன்பு தோள்மூட்டு நழுவியவரை மருத்துவர் சொல்லாமல் சேர்க்க மாட்டேன். வானத்தில் தோள் நழுவினால் ரிசர்வ் குடையை இழுக்கக் கை இருக்காது.

இன்று கிள்ளானிலிருந்து வரும் பையன்கள் முதல் நாளே வீடியோவுக்கு ஆள் கூட்டி வருகிறார்கள். கோலாலம்பூர் கோபுரத்திலிருந்து பேஸ் குதிப்பவர்களைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். விமானத்திலிருந்து பல காலம் குதித்துப் பழகிய பிறகே அவர்கள் அங்கே ஏறினார்கள் என்பதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. உருளலைத் திரையில் காட்டி முடித்துவிட்டு, பயிற்சி தந்ததாகச் சொல்லும் பயிற்றுநர்களும் வந்துவிட்டார்கள். திரையில் பார்த்தது மூளையில் இருக்கும். கடைசி 10 அடியில் மூளைக்கு யோசிக்க நேரம் இல்லை.

தனியாகக் குதிக்கப் பணம் கட்டப்போகும் தம்பி தங்கைகளே, உங்கள் பயிற்றுநரிடம் ஒன்றைக் கேளுங்கள்: விமானத்தில் ஏற்றும் முன் என்னை மண்ணில் எத்தனை நாள் உருள வைப்பீர்கள்? அதெல்லாம் தேவையில்லை என்று அவர் சொன்னால், அங்கே பணம் கட்டாதீர்கள்.