சித்தப்பாவின் ரிப்போர்ட்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் பிரித்தோம். சித்தப்பாவுக்குப் பாதம் மரத்துப்போகிறது என்று சென்னைக்கு அனுப்பிய சிறுநீர்ப் பரிசோதனை. ஆர்சனிக் வரி மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. "தண்ணியில விஷம் கலந்திருக்காப்பா?" என்றார். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

ரிப்போர்ட்டைக் காட்டியதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "டெஸ்டுக்கு முன்னாடி மீன், நண்டு சாப்பிட்டீங்களா?"

முந்தின நாள் வீட்டில் இறால் தொக்கு. கடல் உணவில் உள்ள ஆர்சனிக் பெரும்பாலும் தீங்கில்லாத வகை; சில நாளில் சிறுநீரில் போய்விடும். மொத்த ஆர்சனிக்கை அளக்கும் பரிசோதனைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு வாரம் கவிச்சி தொடாமல் மறுபடி பார்த்தோம், நார்மல். மரத்துப்போனது பி12 குறைவால்.

உலோக நச்சே இல்லை என்று சொல்லவில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பாதரசப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது நமக்குத் தெரியும். ஆனால் உடம்பிலுள்ள உலோகத்தைச் சிறுநீருக்கு இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்தால் நல்ல உடம்புக்காரருக்கும் அளவு கூடும். அப்படியொரு ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது சிகிச்சைக்குப் பணம் கேட்டால் கட்டாதீர்கள். முதலில் அரசு மருத்துவமனை டாக்டரிடம் காட்டுங்கள்.