வாசல் பார்க்கும் திசையில் ஒரு பட்டம்

கம்போங் மேடானில் செடி வளர்க்கிறவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு விதையிலோ உரத்திலோ தொடங்குவதில்லை. "எத்தனாவது மாடி? கோரிடோர் எந்தப் பக்கம் பாக்குது?" என்றுதான் தொடங்குகிறது. பதில் வந்த மறுநொடியே, இன்னின்னது வரும், இன்னின்னதைத் தொடாதே என்று அடுத்தவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்த அடுக்குமாடிகளில் ஏறி இறங்கி, பூவும் காயும் கீரையும் வளர்க்கிற சிலரோடு பேசியபோது, இந்தத் திசைக் கணக்குத்தான் அவர்கள் தொழிலின் அடிப்படை என்பது புரிந்தது.

பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில், பழைய கிள்ளான் சாலையை அடுத்த வட்டாரம் இது. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பின்னர் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது, லயத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு போட்டுக்கொண்டன. அவற்றில் ஒரு பகுதி இங்கே வந்து தங்கியது. 2001 மார்ச்சில் மூண்ட இனக்கலவரத்தில் 6 பேர் உயிரிழந்த பிறகுதான் நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு ஊரின் பெயர் தெரிந்தது. 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இருக்கக்கூடாது என்று சிலாங்கூர் மாநில அரசு இலக்கு வைத்தது. பலகை வீடுகள் போயின, மலிவுவிலை அடுக்குமாடிகள் எழுந்தன. வீட்டோடு சேர்ந்து கொல்லையும் போயிற்று. இன்று இங்கே தோட்டம் என்றால் வாசலுக்கு முன்னால் ஓடும் பொது நடைபாதை, அதன் கைப்பிடிச் சுவர், பின்பக்கத்துத் துணி காயப்போடும் இடம், அவ்வளவுதான்.

மூன்றாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். இளம் வயதில் மரம் சீவியவர், பிறகு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் வாசல் வடக்கு. பசாரில் பழம் வந்திறங்கும் வெள்ளைப் பொலிஸ்டிரீன் பெட்டிகளையும் பெயின்ட் வாளிகளையும் வரிசையாக வைத்திருக்கிறார். "இங்க ஆடியும் இல்ல, ஐப்பசியும் இல்ல தம்பி. சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் வெயில் என் பக்கம். அப்புறம் எதிர் புளோக்குக்காரங்களுக்கு. அவங்க பக்கம் போறப்ப நான் கீரையோட நிறுத்திக்குவேன்" என்றார்.

அவர் அனுபவத்தில் கண்டது வானியல் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுவரை நண்பகல் சூரியன் இங்கே தலைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. கொல்லையில் செடி வைத்தவருக்கு இது பொருட்டே இல்லை. தலைக்கு மேல் கூரையும் ஒரு பக்கம் மட்டும் திறப்பும் உள்ள நடைபாதையில், ஆறு மாதம் வெயில், ஆறு மாதம் நிழல் என்று ஆண்டையே இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

மழையும் தமிழ்நாட்டு ஊர்க் கணக்குக்கு ஒத்துவராது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தென்மேற்குப் பருவக்காற்றையும் ஆற்றில் வரும் புதுவெள்ளத்தையும் நம்பிய நிலத்தின் சொல். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை கூடுவது ஏப்ரலை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும். ஜூன், ஜூலை மாதங்கள்தான் ஒப்பளவில் வறண்டவை. பெரும்பாலும் காலையில் வானம் தெளிந்திருக்கும், பிற்பகலில் மேகம் திரண்டு இடியோடு கொட்டும். கிழக்கு பார்த்த வாசல்காரர்கள்மேல் மற்றவர்களுக்குப் பொறாமை இருப்பது இதனால்தான். ஆண்டு முழுவதும் காலை வெயில் அவர்களுக்குத் தப்புவதில்லை. மேற்கு வாசலுக்கு வரவேண்டிய வெயிலில் பாதியை மேகம் எடுத்துக்கொள்கிறது.

பகலின் நீளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. திருச்சியில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். கோலாலம்பூரில் சுமார் 20 நிமிடம்தான். திருச்சிப் பக்கத்து உறவினர் கொண்டுவந்த நாட்டு அவரையை அக்கா ஊன்றியிருக்கிறார். கொடி கம்பி முழுவதும் படர்ந்து, பக்கத்து வீட்டு ஜன்னல் வரை போயிருக்கிறது. பூ மட்டும் வரவில்லை. பகல் குறுகுவதைப் பார்த்துப் பூக்கிற பழைய அவரை ரகங்களுக்கு இந்த ஊரில் அந்தச் சைகை சரியாகக் கிடைப்பதில்லை. வெண்டை அப்படி ஏமாற்றாது. பன்னிரண்டு மணிப் பகலில் அது சீக்கிரமே பூத்துவிடும். செர்டாங்கில் உள்ள மார்டி வேளாண் ஆய்வுக்கழகம் வெளியிட்ட எம்கேபிஇ 1 போன்ற உள்ளூர் வெண்டை ரகங்களும் இருக்கின்றன. "வெண்டைக்கு நான் ஊர் விதையக் கேக்குறதே இல்ல" என்றார் அக்கா.

அவருடைய பெருமை புடலை. நான்கு பெட்டி மண்ணில் வேரோடி, கயிறு வழியாக மேலேறிக் கம்பியில் பரவியிருந்தது. புடலையின் பூ மாலை மங்கிய பிறகு விரியும். ஓரமெல்லாம் நூல்நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூ. காட்டில் அதை நாடி அந்துப்பூச்சிகள் வரும். மூன்றாம் மாடிக்கு அவை வந்தால் உண்டு, வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். எனவே இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசி விளக்கோடு அவரே வெளியே வருகிறார். கொத்தாக வரும் ஆண்பூவில் ஒன்றைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, மகரந்தக் காம்பைப் பெண்பூவின் நடுவே மெதுவாகத் தேய்க்கிறார். பெண்பூவை அடையாளம் காண்பது எளிது, பூவுக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு குட்டிப் புடலை தொங்கும். காய் பிடித்து ஒரு சாண் நீண்டதும் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறார். கல் இல்லையென்றால் காய் சுருண்டுகொள்ளும். லயத்துக் கொல்லையில் அவருடைய அம்மா செய்தது இது. அங்கே சரளைக்கல் கிடைத்தது, இங்கே பழைய நட்டு போல்ட்டு.

பாகலில் இரண்டு கட்சி. கரும்பச்சையில் முள்முள்ளாக இருக்கும் நம் பாகற்காய் ஒன்று, சீனர்கள் விரும்பும் வெளிர்நிறப் பருத்த பாகற்காய் மற்றொன்று. எதை வைத்தாலும் பழ ஈ விடாது. பிஞ்சிலேயே பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுருட்டி மாட்டி, மேலே ஒரு ஸ்டேப்பிள் அடித்துவிடுகிறார்கள். மாடிக்கு மாடி தமிழ், மலாய், சீனப் பத்திரிகைகள் காய்க்குச் சட்டையாகத் தொங்குகின்றன.

கீழ்த்தளத்துக்காரர்களுக்கு மண் இருக்கிறது. அந்த மண்ணால்தான் தொல்லையும். கால்வாயோரச் சரிவில் கத்தரி போட்ட ஓர் ஐயா, காய்க்கத் தொடங்கிய செடி ஒரே நாளில் பச்சையாகவே தலைதொங்கிப் போவதைக் காட்டினார். தண்டை நறுக்கித் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளரில் நிறுத்தினால் வெட்டுவாயிலிருந்து வெள்ளை இழை ஒன்று புகையாக இறங்குகிறது. ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய் அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் பிடிக்கும். மருந்து அடித்துத் தீராது.

அவர் கண்ட வழி சுண்டைக்காய். மலாய்க்காரர்கள் தெரோங் பிப்பிட் என்று சொல்லும் சுண்டை இங்கே கேட்பாரில்லாமல் சாலையோரம் முளைக்கிறது. அதன் வேர் இந்த நோயைத் தாங்கும். சுண்டை நாற்று மெதுவாக வளரும் என்பதால் அதை முன்கூட்டியே விதைத்து, இரண்டும் ஒரே பருமனாகும்போது சுண்டையின் தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்து, ஆப்பாகச் செதுக்கிய கத்தரிக் குருத்தைச் செருகி, பிளாஸ்டிக் கிளிப்பால் பிடித்து, மேலே உறை கவிழ்த்து ஒரு வாரம் நிழலில் வைக்கிறார். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் இதே ஒட்டுக் கத்தரியை உழவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. ஐயா கற்றது கைப்பேசிக் காணொளியில்.

மாடிக்காரர்களுக்கு இந்த வாடல் பெரிதாக வருவதில்லை. பெட்டியில் இருப்பது தேங்காய் நாரும், கோழி எருவும், காசு கொடுத்து வாங்கிய மண்ணும். தரையோடு தொடர்பில்லாததால் நோயும் ஏறுவதில்லை. கொல்லை போனதை எல்லாரும் இழப்பாகவே சொல்கிறார்கள், அது நியாயமும்கூட. ஆனால் அடுக்குமாடி ஒன்றைக் கொடுத்திருக்கிறது: மழையை நிறுத்தும் அதிகாரம்.

மல்லிகையில் அது தெரிகிறது. மதுரைப் பக்கம் மல்லிகையை மார்கழியையொட்டிக் கவாத்து செய்து, வெயில் ஏற ஏறப் பூவெடுப்பார்கள். அதற்கு ஒரு காய்ச்சல் வேண்டும். திறந்த வெளியில் இங்கே அது கிடைக்காது. வாரம் தவறாமல் மழை பெய்தால் செடி இலையாகவே ஓடும். ஐந்தாம் மாடியில் கிழக்கு வாசல் வீட்டு அண்ணன், தொட்டிகளைக் கூரைக்குக் கீழே சுவரோரம் இழுத்துவைத்து, இலை சோரும்வரை தண்ணீரைக் குறைக்கிறார். பிறகு முக்கால் பங்கு வெட்டி, மீதி இலைகளையும் உருவி, எரு வைத்து நீர் விடுகிறார். மல்லிகை புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். எல்லாத் தொட்டியையும் ஒரே நாளில் வெட்டாமல் சில வார இடைவெளியில் மாற்றி மாற்றி வெட்டுவதால், வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு ஒரு கைப்பிடி எப்படியும் தேறும். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் சரமாகத் தொங்கும் மல்லிகை விமானத்தில் இந்தியாவிலிருந்து வருவது, அதனால் விலையும் கூட. கனகாம்பரத்துக்கு இவ்வளவு சடங்கு தேவையில்லை. நிழலிலும் பூக்கும்.

முருங்கை இந்தத் தந்திரத்துக்கு மசியாது. தொட்டியில் அடங்காத மரம், கீழே நட்டால் அடைமழையில் பூ உதிரும், வேர் அழுகும். கீரைக்கு வஞ்சமில்லை, காய்க்குக் கடைதான். வெற்றிலைக் கொடி நேர்மாறு: நிழலும் ஈரமும் போதும், தெற்கு வடக்கு பார்க்காது.

கறிவேப்பிலை இல்லாத தமிழ் வீட்டு வாசலை நான் பார்க்கவில்லை. அதன் இலைமேல் பறவை எச்சம் ஒட்டியிருப்பதாக நினைத்து விரலால் தட்டப்போனேன், அக்கா தடுத்தார். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு அது. பறவைகள் ஏமாறட்டும் என்று அந்த வேடம். வளர்ந்ததும் பச்சை நிறமாகி ஒரே நாளில் ஒரு கிளையை மொட்டையடிக்கும். அவர் அதைக் கொல்வதில்லை. கீழே காட்டுக் கறிவேப்பிலை ஒன்றில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்.

கைமாற்றுகள் வீட்டுக்கு வீடு நடக்கின்றன. எதிர்வீட்டு மலாய்க்கார மாக்சிக் கொடுத்த பாண்டான், செரை, ஊலாம் ராஜா அக்காவின் பெட்டியில். இவர் கொடுத்த கறிவேப்பிலைக் கன்றும் துளசியும் அவர் வாசலில். சங்குப்பூக் கொடி ஒன்று இருவருக்கும் பொது. விடியலில் பூஜைக்குப் பறித்தது போக மீதி, நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றப் போகிறது. இதை ஒற்றுமைக்குச் சான்றாக யாரும் அங்கே பேசுவதில்லை. 2001ஐப் பற்றியும் தாமாகப் பேசுவதில்லை. கம்பி பொதுவாக இருக்கிறது, கொடி படர்ந்துவிட்டது, அவ்வளவே.

எல்லாரும் ஒருமனதாக அஞ்சுவது கொசுவை. டிங்கிக் காய்ச்சல் இந்த வட்டாரத்தில் எப்போதும் உண்டு. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் ஏடிஸ் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 500 வெள்ளி அபராதம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுதான் முதல் குற்றவாளி. ஏடிஸ் முட்டை தட்டின் விளிம்பில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, விளிம்பைத் தேய்க்க வேண்டும். அக்கா தட்டுகளில் மணல் நிரப்பியிருக்கிறார். அண்ணன் தட்டையே ஒழித்துவிட்டு, வழியும் நீரைக் குழாயால் வாளிக்குத் திருப்பி மறுநாள் பயன்படுத்துகிறார். நடைபாதையில் ஆள் நடக்கவும், தீ பிடித்தால் ஓடவும் வழிவிட வேண்டும் என்பது அடுத்த சச்சரவு. அதில் நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

வீட்டுத் தோட்டத்தை ஊக்குவிப்பது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்துப் பச்சைப் புத்தகத் திட்டமே வீட்டைச் சுற்றிக் காய்கறி போடச் சொன்னதுதான். அன்று சுற்றிலும் நிலம் இருந்தது. இன்றும் கிடைக்கிற கையேடுகள் தொட்டியின் அளவையும் உரத்தின் எடையையும் சொல்கின்றன. இந்தியாவிலிருந்து வரும் விதைப் பொட்டலம் விதைக்கும் மாதத்தைச் சொல்கிறது. வாசல் எந்தத் திசை என்று இரண்டுமே கேட்பதில்லை. அக்காவின் விதைப் புட்டிகளில் அந்தக் குறை இல்லை. ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் எழுதியிருக்கிறார்: புடலை, வடக்கு, சித்திரை. விதை கேட்டு யாராவது வந்தால், அவர்கள் வாசல் தெற்கு என்று தெரிந்ததும் சித்திரையை அடித்துவிட்டுப் புரட்டாசி என்று எழுதிக் கொடுக்கிறார். ஊரிலிருந்து வந்த பட்டம் கம்போங் மேடானில் இப்படித்தான் செல்லுபடியாகிறது.