குதிகாலுக்குக் கீழே கொஞ்சம் காற்று

சில ஷூக்களின் குதிகால் ஓரத்தில் சின்ன ஜன்னல் மாதிரி ஓர் இடம் இருக்கும். உள்ளே கண்ணாடி போல ஒரு பை தெரியும். பிள்ளைகளுக்கு அது ஸ்டைல். பதினெட்டு வருடம் ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்த்த எனக்கோ, அதை யார் கண்டுபிடித்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. காரணம், என் குதிகால்.

கடையில் காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது ஆகும். டைல்ஸ் தரையில் வெறுங்கால். கூட்டமே இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. நாற்பது வயதில் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடி, ஆணி மேல் வைத்தது போல இருக்கும். எலும்பு டாக்டர் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ‘கெட்டித் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், மெத்தென்று ஏதாவது போடுங்கள்’ என்றார். அந்தச் சமயத்தில்தான் என் மகன் ஃபிராங்க் ரூடியின் கதையைச் சொன்னான்.

ரூடி அமெரிக்க விண்வெளித் துறையில் வேலை பார்த்த பொறியாளர். அந்த வேலையை விட்டுவிட்டு ஷூவுக்குள் காற்றை அடைக்கக் கிளம்பினார். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஃபோம் அதைத் தாங்கும். ஆனால் நாளாக ஆக நசுங்கிப்போகும். காற்று நசுங்கினாலும் மறுபடி எழும். சிக்கல் என்னவென்றால், பலூனில் அடைத்த காற்று மெல்ல மெல்லக் கசிந்துவிடும்.

இங்கேதான் அவர் மூளை வேலை செய்தது. மெல்லிய பாலியூரித்தேன் பைக்குள் பெரிய மூலக்கூறுகள் கொண்ட வாயுவை அழுத்தி அடைத்தார். அந்த மூலக்கூறுகள் பையின் சுவரைத் தாண்டி வெளியேற ரொம்பச் சிரமப்படும். வெளிக்காற்றோ சுலபமாக உள்ளே நுழையும். அதனால் பை நெடுங்காலம் உப்பலாகவே இருந்தது.

யோசனை நல்லதுதான், வாங்கத்தான் ஆளில்லை. அடிடாஸ் உட்படப் பல கதவுகளைத் தட்டினார். 1977-ல் நைக்கி நிறுவனத்துக்குப் போனார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நிறுவனர் ஃபில் நைட்டுக்கும் முதலில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு தானே ஓடிப் பார்த்தார். ஓடி முடித்தபோது மனம் மாறியிருந்தது.

1978-ல் ‘டெயில்விண்ட்’ என்ற பெயரில் ஷூ வந்தது. அதிலும் ஒரு சோதனை. மேலே பூசிய வெள்ளிச் சாயத்தில் இருந்த உலோகத் துகள்கள் துணியை அறுத்துவிட, ஷூக்கள் கடைக்கே திரும்பி வந்தன. காற்றுப் பை மேல் குறையில்லை என்பதால் தப்பித்தது. 1987-ல் டிங்கர் ஹாட்ஃபீல்ட் என்ற வடிவமைப்பாளர் அதற்கு ஜன்னல் வைத்த பிறகுதான் உள்ளே இருப்பது ஊருக்கே தெரிந்தது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்தப் பைகளில் அடைத்த சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு, கார்பன் டை ஆக்ஸைடைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது. எதிர்ப்பு வந்தது. பல வருட ஆராய்ச்சிக்குப் பின் நைட்ரஜனுக்கு மாறினார்கள். ரூடி 2009-ல் காலமானார்.

எனக்கு இப்போது வலி குறைந்திருக்கிறது. பயிற்சியும் மெத்தென்ற செருப்பும் உதவின. அதைவிட அதிகம் உதவியது, வேலை மாறி உட்கார முடிந்ததுதான். ஓடுகிற காலுக்கு ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு நொடியாவது ஓய்வு உண்டு. நிற்கிற காலுக்கு அதுவும் இல்லை. எவ்வளவு நல்ல காற்றுப் பையும் நாற்காலிக்கு ஈடாகாது.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. அடுத்த முறை புடவை எடுக்கப் போனால், எடுத்துக் காட்டுகிற பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்டால் விழாத காதில், நீங்கள் கேட்டால் விழும்.